பெற்றோர் பிரிந்த பின் அம்மாவும் மகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பெண்கள் பாடசாலை ஒன்றில் நெடுங்காலம் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியையாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் பிள்ளைகள் தேடி வருகிறார்கள், அவர்களின் அம்மாமாரும் வருகிறார்கள். பெரும்பாலும் ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாது. கேட்பதோ திரும்பத் திரும்ப அதே கேள்விகள். அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, நான் சொல்லும் பதில்களையும் சேர்த்திருக்கிறேன். மகள்மார் கேட்டதும் அம்மாமார் கேட்டதும் கலந்து கிடக்கும். மற்றவர் கேட்டதையும் தாண்டிப் போகாமல் வாசியுங்கள். சட்டம் பற்றிய இடங்களில் பொதுவான நிலையைத்தான் சொல்கிறேன். உங்கள் வழக்கின் விவரம் உங்கள் சட்டத்தரணிக்குத்தான் தெரியும்.

விட்டுட்டுப் போனது அப்பா. ஆனா எனக்குக் கோபம் முழுக்க அம்மாவிலதான் வருது. நான் கெட்ட பிள்ளையா?

இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம்தான் கோபத்தைக் காட்ட முடியும். அப்பா எப்போதாவது போனில் வருகிறார், அந்தக் கொஞ்ச நேரத்தையும் சண்டையில் கழிக்க உங்களுக்கு மனமில்லை. அம்மா எங்கேயும் போகமாட்டார் என்பது தெரியும், அதனால் அவரிடம் எரிந்து விழுகிறீர்கள். அம்மாவின் பக்கத்திலும் இதேதான் நடக்கிறது. அவருடைய கோபம் போய்ச் சேரவேண்டிய ஆள் வீட்டில் இல்லை. எதிரில் நிற்பது நீங்கள், சில வீடுகளில் அப்பாவின் அதே மூக்கோடும் அதே நடையோடும்.

இது விளங்கியதும் கோபம் ஓடிவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் ‘நான் கெட்டவள்’ என்ற நினைப்பையாவது விட்டுவிடுங்கள். அந்த நினைப்புத்தான் பிள்ளைகளை அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்க வைக்கிறது.

அம்மா எப்ப பாத்தாலும் அப்பாவைப் பற்றியே குறை சொல்லுறா. கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போனன். என்னெண்டு நிப்பாட்டுறது?

அப்பாவுக்காக வாதாடப் போகாதீர்கள், கதை இரண்டு மடங்காகும். சும்மா தலையாட்டினால் பிறகு உங்களுக்கே மனம் உறுத்தும். அம்மா ஆறுதலாக இருக்கும் நேரம் பார்த்து ஒருமுறை சொல்லுங்கள்: “அம்மா, உங்களுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனா அவர் எனக்கு அப்பா. அவரைப் பற்றி மட்டும் என்னோட கதைக்காதேங்கோ. வேற என்ன எண்டாலும் கதையுங்கோ.” அடுத்த தடவை தொடங்கும்போது மறுபடி விளக்கம் சொல்லத் தேவையில்லை. “சொன்னனான்தானே அம்மா” என்று எழும்பித் தேத்தண்ணி போடப் போங்கள். அம்மாவுக்கும் சேர்த்து இரண்டு கோப்பை போடுங்கள். கோபித்துக்கொண்டு எழும்பிப் போகவில்லை என்று அவருக்கு அதிலேயே தெரியும்.

அம்மாமாருக்கும் ஒன்று. மனதில் உள்ளதைக் கொட்ட உங்களுக்கு ஆள் வேண்டும், கட்டாயம் வேண்டும். அது உங்கள் சகோதரியாக இருக்கலாம், கூட வேலை செய்பவராக இருக்கலாம், உளவளத்துணையாளராக இருக்கலாம். 15 வயது மகளிடம் கொட்டாதீர்கள். அவளுக்கு 30 வயதானாலும் அவர் அவளுக்கு அப்பாதான்.

மகள் தேப்பனோட கதைக்கேக்க எனக்கு நெஞ்சு எரியுது. கதைக்காத எண்டு சொல்லலாமா?

நெஞ்சு எரிவதில் பிழையே இல்லை. ஆனால் தடுக்காதீர்கள். அவரால் பிள்ளைக்கு ஆபத்து இருக்கிறது என்றால் விஷயம் வேறு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்பா ரொறன்ரோவில். அங்கே இரவு 8 மணி என்றால் இங்கே விடிய ஐந்தரை, அங்கே பனிக்காலம் என்றால் ஆறரை. அவர் வேலை முடிந்து வந்து கோல் எடுக்கும் நேரத்தில்தான் இங்கே அம்மா குசினியில் புட்டு அவிப்பார். போன் அடித்ததும் அம்மாவின் கை மாறிவிடும். சட்டி மூடி சத்தமாக விழும், அகப்பை பாத்திரத்தில் இடிபடும், பைப்பை முழுதாகத் திறந்து விடுவார். மகள் போனைக் கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவாள். சத்தத்துக்குத்தான் போனாள். அம்மா அதை, தனக்கு ஒளித்துக் கதைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். இதைப் பற்றி இருவரும் ஒரு சொல் பேசாமலே மாதக்கணக்கு ஓடியது. அப்புறம் ஒருநாள் அம்மா, போன் அடித்ததும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முற்றம் கூட்டப் போனார். அடுத்த நாளும் போனார். கொஞ்ச நாளில் மகள் கிணற்றடியை விட்டு விறாந்தைக் கதிரையில் இருந்து கதைக்கத் தொடங்கினாள்.

தடுத்தால் கதை நிற்காது, உங்களுக்குத் தெரியாமல் நடக்கும். அப்பாவின் நம்பரைப் ‘பௌதிகவியல் ரியூசன்’ என்று சேமித்து வைத்திருந்த பிள்ளையைக் கண்டிருக்கிறேன். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற வயதில் ஒரு பிள்ளைக்கு இந்தக் களவு எதற்கு?

“உனக்காகத்தான் இவ்வளவு வருசமும் பொறுத்தனான்” எண்டு சொன்னன். உண்மையைத்தானே சொன்னன், ஏன் அவள் அழுதவள்?

நீங்கள் பட்ட வேதனைக்கெல்லாம் தான்தான் காரணம் என்று அவள் காதில் விழுகிறது. அடைக்கவே முடியாத கடனைத் தலையில் வைத்த மாதிரி. நீங்கள் பொறுத்தது உண்மை, பிள்ளைக்காகப் பொறுத்ததும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த முடிவை எடுத்தவர் நீங்கள். “அந்த நேரம் எனக்கு அப்படித்தான் சரி எண்டு பட்டது” என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை அழமாட்டாள், மேலே கேள்வி கேட்பாள்.

நான் ஆரோட இருக்கிறது எண்டு கோர்ட்டில ஆர் தீர்மானிக்கிறது? என்னைக் கேப்பினமா?

18 வயதுக்குக் கீழே என்றால் நீதிமன்றம் தீர்மானிக்கும், பிள்ளையின் நலனைப் பார்த்து. ஓரளவு வளர்ந்த பிள்ளை என்றால் நீதிபதி தன் அறைக்கே கூப்பிட்டு விசாரிப்பதும் உண்டு. அங்கே மனதில் இருப்பதைச் சொல்லுங்கள். அம்மாவோ அப்பாவோ சொல்லித்தந்த வசனத்தை ஒப்புவிக்காதீர்கள், நீதிபதிக்கு அது உடனே பிடிபடும். 18 முடிந்தால் யாரோடு இருப்பது என்பது உங்கள் முடிவு.

தாபரிப்புக் காசை அப்பாட்ட நீயே கேள் எண்டு அம்மா என்னை விடுறா. அப்பா சொல்லுறார் 18 முடிஞ்சா தரத் தேவையில்லையாம். உண்மையா?

உண்மை இல்லை. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி 18 க்கும் 25 க்கும் இடைப்பட்ட பிள்ளை தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தால், வசதியுள்ள பெற்றோரிடம் தாபரிப்பு, அதாவது வாழ்க்கைச் செலவுக்கான காசு, கோரலாம். கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். விண்ணப்பம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும்.

ஆனால் அம்மாவின் காசுக் கணக்கைச் சுமந்துகொண்டு அப்பாவிடம் போவது உங்கள் வேலை இல்லை. இரண்டாவது பதிலில் சொன்னது இங்கும் பொருந்தும்: ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு விலகுங்கள். காசு வங்கிக்கு வரட்டும், அல்லது நீதிமன்றத்தின் ஊடாக வரட்டும். உங்கள் கையால் வரவேண்டாம். அப்பாவோடு கதைக்கும் பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் காசுக் கதை என்றால், பிறகு அவர் கோல் எடுப்பதே குறைந்துவிடும். அந்தப் பழியும் அம்மாவின் தலையில்தான் விழும்.

அலுமாரியில இருந்த வழக்குக் கட்டை எடுத்து வாசிச்சிட்டன். அம்மாவைப் பற்றி எழுதியிருந்ததை மறக்கவே ஏலாமல் இருக்கு. அது உண்மையா?

என்னிடம் வரும் கேள்விகளில் எனக்கு அதிகம் மனம் நோகும் கேள்வி இது. முதலில், அந்தக் காகிதம் எதற்காக எழுதப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் பொது விவாகரத்துச் சட்டத்தின் அடி 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். அதில் இருக்கும் காரணங்கள் மூன்று: திருமணத்துக்குப் பிறகு வேறொருவரோடு உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, திருமணம் செய்த நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவோ உடற்குறையோ. ‘ஒத்துவரவில்லை, இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம்’ என்பது அதில் ஒரு காரணமாக இல்லை. ஆகவே ஒருவர் மற்றவர்மேல் குற்றம் சாட்டித்தான் ஆகவேண்டும். வீட்டை விட்டு அசையாமல் இருந்தவரைக்கூட ‘இவருடைய நடத்தை தாங்காமல்தான் மற்றவர் வெளியேறினார்’ என்று சொல்லிக் கைவிட்டவர் ஆக்க முடியும். பத்து வருடம் இரண்டு பேரும் நொந்து முடிந்துபோன ஒரு உறவு, மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும்போது ஒரு குற்றவாளியும் ஒரு அப்பாவியுமாக மாறிவிடுகிறது. நீங்கள் வாசித்தது வழக்கில் வெல்ல எழுதிய ஒரு பக்கத்தின் வசனங்கள். மற்றப் பக்கத்தின் மறுமொழியும் அதே கட்டில் இருந்திருக்கும், அதை யாரும் அழுதுகொண்டு கடைசிவரை வாசிப்பதில்லை.

அதற்காக அதில் இருப்பதெல்லாம் பொய் என்றும் நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வாசித்ததை மறைக்காமல் அம்மாவிடம் சொல்லுங்கள். “அந்தக் கட்டை வாசிச்சிட்டன் அம்மா. உங்கட வாயால கேக்கவேணும் போல இருக்கு. இப்ப இல்லாட்டியும் பரவாயில்லை.” அம்மா முதலில் ஏசுவார், ஏன் எடுத்தாய் என்று. ஏசி முடியும்வரை இருங்கள்.

அம்மாமாரே, மகள் இப்படி வந்து கேட்டால் எல்லாவற்றையும் திறந்து வைக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. “அது எனக்கும் அப்பாவுக்கும் இடையில நடந்தது, அதை உன்னோட கதைக்க எனக்கு விருப்பமில்லை” என்பது நேர்மையான பதில். பொய் மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஊர் சின்ன ஊர், யாரோ ஒரு மாமி என்றைக்காவது ஒரு கலியாண வீட்டில் அவளுக்குச் சொல்லத்தான் போகிறார்.

எங்கட வீடு அம்மாவின்ர சீதன வீடு. எனக்குத்தான் எண்டு சின்னனில இருந்து சொன்னவா. இப்ப, அப்பாட்டப் போனா வேற ஆருக்கும் எழுதிப்போடுவன் எண்டுறா. அப்பிடிச் செய்யலாமா?

செய்யலாம். 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் பதியப்பட்ட எங்கள் வழமைச் சட்டமான தேசவழமையிலிருந்தே சீதனம் பெண்ணின் தனிச் சொத்துத்தான். கலியாணத்துக்குப் பிறகு சேர்ந்தது தேடியதேட்டம், அதில்தான் கணவனுக்கும் பங்கு. தேசவழமைப்படி, திருமணமாகியிருக்கும் பெண் தன் காணியை விற்கவோ எழுதிக்கொடுக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் தேவை. விவாகரத்து முடிந்தபின் அதுவும் தேவையில்லை. அம்மா இருக்கும்வரை வீடு அம்மாவினது. உங்களுக்கு எழுதுவதாகச் சின்ன வயதில் சொன்ன வாய்ச்சொல் உறுதிப் பத்திரம் ஆகாது.

சட்டம் இவ்வளவுதான். ஆனால் அம்மா அந்த வார்த்தையை ஏன் எடுக்கிறார் என்று யோசியுங்கள். கலியாணம் போய்விட்டது, ஊரில் இருந்த மரியாதை போன மாதிரி அவருக்கு இருக்கிறது. அவருடைய பெயரில் மிஞ்சியிருப்பது அந்த வளவும் வீடும்தான். நீங்களும் போய்விடுவீர்கள் என்ற பயத்தில், கையில் இருக்கும் ஒரே பொருளைக் காட்டி உங்களை மறிக்கப் பார்க்கிறார். “வீட்டை நீங்கள் விரும்பின ஆளுக்கு எழுதுங்கோ. அப்பாவைப் பாத்துட்டு நான் இஞ்சதான் வருவன்” என்று சொல்லிவிட்டு, சொன்ன நாளில் திரும்பி வாருங்கள். மகளுக்குக் கொடுக்க நினைத்தும் ‘எழுதினால் என்னை வெளியில் விட்டுவிடுவாளோ’ என்று பயப்படும் அம்மாமார் நொத்தாரிசிடம் கேளுங்கள்: சீவிய உருத்தை உங்களுக்கு வைத்துக்கொண்டு நன்கொடை உறுதி எழுதலாம். சாகும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை உங்களுக்கு இருக்கும்.

தாலிக்கொடியை உருக்கி எனக்குச் சங்கிலி செய்து தாறன் எண்டு அம்மா நிக்கிறா. எனக்கு அதைப் போட மனமே இல்லை. சொன்னா அழுறா.

எங்கள் ஊர்த் தாலிக்கொடி 7, 9, 11 பவுண் என்று வரும். அம்மாவுக்கு அது பெரிய பெறுமதி. பெறுமதியான ஒன்றை உங்களுக்குத் தருகிறேன் என்கிறார். உங்களுக்கோ அது அந்தக் கலியாணத்தைக் கழுத்தில் போடுவது போல் இருக்கிறது. இரண்டு பேரும் சொல்வது சரி.

‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், வேண்டாம் என்பதற்கான காரணத்தைச் சொல்லுங்கள். அப்புறம், அந்தப் பவுண் அம்மாவுக்கே தேவைப்படும் என்பதையும் சொல்லுங்கள். விவாகரத்துக்குப் பிறகு ஒரு பெண்ணுக்கு அவசரத்துக்கு அடைவு வைக்க இருக்கும் நகை சின்ன விஷயம் இல்லை. வங்கிப் பெட்டகத்தில் அம்மாவின் பெயரிலேயே இருக்கட்டும்.

அம்மம்மாவும் பெரியம்மாவும்தான் ரெண்டு பேரையும் மூட்டி விடுகினம். என்ன செய்யிறது?

அம்மாவைப் பற்றி அவர்கள் சொல்வதை அம்மாவிடம் கொண்டுபோகாதீர்கள், உங்களைப் பற்றிச் சொல்வதை நம்பாதீர்கள். போரில் அப்பாவை இழந்த வீட்டோடு எப்படிப் பழகுவது என்று எங்கள் சனத்துக்குத் தெரியும். அப்பா உயிரோடு வேறெங்கோ இருக்கும் வீட்டுக்கு வந்தால் என்ன கதைப்பது என்று தெரியாமல் தேவையில்லாததைக் கதைக்கிறார்கள். அதற்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கலியாணத்துக்கு அப்பா வந்தால் தான் வரமாட்டன் எண்டு அம்மா சொல்லுறா. எனக்கு ரெண்டு பேரும் வேணும்.

இரண்டு பேரும் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று கேட்பது அதிகம். தாரை வார்த்துக் கொடுக்க மாமா மாமியோ சித்தப்பா சித்தியோ தம்பதியாக நிற்பது எங்கள் ஊரில் புதிதல்ல. பதிவுக்கு இரண்டு சாட்சிகள் போதும், பெற்றோரின் கையெழுத்துத் தேவையில்லை. ஆகவே அப்பா சபையில் இருக்கலாம், அம்மா உங்கள் பக்கத்தில் இருக்கலாம். யார் எந்த நேரம் மண்டபத்துக்கு வருவது, படம் எடுக்கும்போது யார் எப்போது மேடைக்கு ஏறுவது என்பதுவரை முன்கூட்டியே எழுதி இருவருக்கும் கொடுத்த ஒரு மணமகளை எனக்குத் தெரியும். அம்மாவின் பயம் அப்பாவைக் காண்பதில் இல்லை. ஊர் பார்த்துக்கொண்டிருக்க, எங்கே நிற்பது என்று தெரியாமல் தனியே நிற்பதில்தான். யார் அவரோடு கூடவே இருப்பார் என்பதை முதலில் தீர்மானித்து அம்மாவுக்குச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் வரமாட்டேன் என்றால், கதிரையை வெறுமையாக விட்டுக் கலியாணத்தைச் செய்யுங்கள். தள்ளி வைக்காதீர்கள்.

நான் லண்டனில. அம்மாவோட ரெண்டு வருசமாக் கதைக்கேல்லை. திடீரெண்டு என்னெண்டு தொடங்குறது?

பழைய சண்டையிலிருந்து தொடங்காதீர்கள், மன்னிப்பிலிருந்தும் தொடங்காதீர்கள். பதில் சொல்லச் சுலபமான ஒன்றைக் கேளுங்கள். ‘ஒடியல் கூழுக்கு என்னென்ன போடுவீங்கள்?’ என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பித் தொடங்கிய பிள்ளைக்கு மூன்றாம் நாள்தான் பதில் வந்தது, அதுவும் மீன் வகை மட்டும். பிறகு நண்டு, பயித்தங்காய், பலாக்கொட்டை என்று ஒவ்வொன்றாக வந்தது. முதல் பதில் குளிராக இருந்தால் மனம் விடாதீர்கள். இரண்டு வருடத்து மௌனத்துக்கு முன்னால் ‘ம்’ என்ற பதிலும் பெரிது. காசு அனுப்பித் தொடங்குவதை மட்டும் தவிருங்கள். கதைக்காமல் இருந்ததற்குக் கூலி தந்தது போல் அம்மாவுக்குப் படும்.

கவுன்சிலிங் போனா விசர் எண்டு சொல்லுவினம். போகத்தான் வேணுமா?

நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாகலாம் போல் இருக்கிறது என்றால் போகத்தான் வேண்டும், அம்மாவானாலும் மகளானாலும். உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். பிரதேச செயலகத்துக்கு நூறு அலுவலுக்குச் சனம் போகிறது, நீங்கள் எதற்குப் போனீர்கள் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. வீட்டிலிருந்தே பேச 1926, அது தேசிய மனநல உதவி இலக்கம். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். முடிந்தால் முதலில் தனித்தனியே போங்கள், பிறகு சேர்ந்து போகலாம்.

அடிக்கிறவாவையும் அம்மா எண்டு பொறுக்கவேணுமா? அப்பா என்னோட பிழையா நடந்தவர் எண்டா, அவரோடயும் கதைக்கவேணுமா?

இல்லை. இல்லை. மேலே ‘தடுக்காதீர்கள்’ என்று சொன்னதும் ‘ஏசி முடியும்வரை இருங்கள்’ என்று சொன்னதும் உங்களுக்கு இல்லை. 18 வயதுக்குக் கீழே என்றால் 1929 க்கு எடுங்கள், அது சிறுவர் பாதுகாப்புக்கான இலக்கம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும், பாடசாலையில் நம்பிக்கையான ஆசிரியரிடமும் சொல்லலாம். அடி வாங்கும் அம்மாமாருக்கு 1938, அது பெண்களுக்கான உதவி இலக்கம். அம்மாவின் மனக்கஷ்டம் விளங்குகிறது என்பதற்காக அடியைப் பொறுக்கக்கூடாது. தூர இருந்துகொண்டும் அம்மாவில் அன்பாக இருக்கலாம்.

அம்மா தான் செய்தது பிழை எண்டு ஒருநாளும் சொல்லமாட்டா. அவா சொல்லாமல் நான் எப்பிடிப் பழையபடி இருக்கிறது?

பழையபடி இருக்க முடியாது. அப்பா இருந்த வீட்டின் மகளாக நீங்கள் இனி இல்லை, அவரும் அந்த அம்மாவாக இல்லை. உங்கள் அம்மாவின் வயதுக்காரர் பலர் 1995 ஒக்ரோபர் இடம்பெயர்வில் ஒரு பையோடு செம்மணி வீதியால் தென்மராட்சிக்கு நடந்தவர்கள். என்ன நடந்தது என்று அவர்களை இருத்திக் கேட்டவர் யாருமில்லை. உள்ளே போட்டுப் பூட்டிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கத்தான் பழகினார்கள். வாய்விட்டு ‘பிழை’ என்று சொல்ல அவர்களுக்கு வராது. ஆனால் நீங்கள் நித்திரையால் எழும்பமுதல் அம்மா உங்கள் சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்திருப்பார்.

அதையே மன்னிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று உங்களைக் கட்டாயப்படுத்தமாட்டேன். சிலருக்கு அது போதும், சிலருக்கு வார்த்தை வேண்டும். வார்த்தை வேண்டுமென்றால் ‘எல்லாத்துக்கும் மன்னிப்புக் கேளுங்கோ’ என்று நிற்காமல் ஒரு சம்பவத்தை மட்டும் எடுங்கள்: “அண்டைக்கு ரியூசன் வாசலில வைச்சு எல்லாருக்கும் முன்னால ‘நீயும் தேப்பன் மாதிரித்தான்’ எண்டு சொன்னீங்கள். அது எனக்கு இன்னும் நோகுது.” அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அம்மா அன்றைக்கே பதில் சொல்லமாட்டார். “சரி சரி, சாப்பிடு” என்று மட்டும் சொல்லக்கூடும். ஆனால் அந்த வசனத்தைத் திரும்ப ஒருநாளும் சொல்லாமல் விட்ட அம்மாமார் எனக்குத் தெரிந்தே பலர். திரும்பவும் சொன்னால், அந்த நேரமே “இதைத்தான் அம்மா அண்டைக்குச் சொன்னனான்” என்று நினைவுபடுத்துங்கள்.